ஒளி வந்தது, படம் வரவில்லையா? நிமிர்ந்து நில்!

சத்தியமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி, முதலில் அந்தக் குனிந்த தலையை நிமிர்த்து!

என்ன நடந்துவிட்டது? கல்யாண மண்டபத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கிறது. நீ பட்டனை அழுத்தினாய். இரண்டு லைட்டும் பளீரென்று அடித்தன, முன்வரிசை முழுக்கக் கண்ணைச் சிமிட்டியது. கேமராவின் திரையைப் பார்த்தால் படம் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. அடுத்த படத்தில் பாதி வெளிச்சம், கீழ்ப்பாதியில் கறுப்புப் பட்டை. பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, லைட்டு நல்லாத்தானுங்களே எரியுது, போட்டோ மட்டும் எதுக்குங் இருட்டா வருது?" என்கிறார். இணைச்சீரை இன்னொரு தடவை செய்யச் சொல்ல முடியாது. உனக்கு வியர்க்கிறது. "இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கில்லை" என்ற நினைப்பு அந்த இடைவெளியில்தான் உள்ளே புகுந்து சம்மணம் போட்டு உட்கார்கிறது.

எழுப்பி விரட்டு அதை! லைட்டும் கேமராவும் ஒரே நொடியில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அது ஏன் சந்திக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. காரணம் இருக்கிற எதையும் கண்டுபிடித்துவிடலாம். உன் ஜாதகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இப்படிப்பட்ட நேரத்தில் "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சொல்லிப் பார். ஷட்டர் உனக்காக ஒரு மயிரிழை நேரம்கூடக் காத்திருக்காது. தன்னம்பிக்கையை நெஞ்சில் தட்டி எழுப்ப முடியாது தம்பி. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவனிடம் அது தானாக வந்து நிற்கும். ஆகவே வா, பழுதைப் பிடிப்போம்.

உன் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி மூடும். ஒரு திரை சென்சாரைக் கடக்கப் பொதுவாக 3 அல்லது 4 மில்லிசெகண்ட் ஆகும். 1/200 நொடி என்பது மொத்தமே 5 மில்லிசெகண்ட். கணக்குப் போடு. முதல் திரை முழுக்கத் திறந்து, இரண்டாவது திரை கிளம்பாமல் இருக்கும் நேரம் 1 அல்லது 2 மில்லிசெகண்ட்தான். ஃபிளாஷ் அந்தச் சந்துக்குள் வந்து அடித்துவிட்டுப் போக வேண்டும். பவானிப் பக்கம் ஜமக்காளத் தறியைப் பார்த்தவனுக்கு இது புதிதல்ல. மிதித்ததும் பாவு இரண்டாகப் பிரியும், அந்த வழி திறந்திருக்கும்போதே நாடா பாய்ந்துவிட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் இழை அறுந்துபோகும்.

1/200-ஐத் தாண்டி 1/320, 1/500 என்று போனால் முழுத் திறப்பே கிடையாது. இரண்டு திரைகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓட, நடுவில் ஒரு கீற்று மட்டும் நகரும். ஃபிளாஷ் அந்தக் கீற்றில் மட்டும் விழுந்தால் மிச்சம் இருட்டு. நேர்க்கோட்டு விளிம்போடு நீ பார்த்த கறுப்புப் பட்டை என்பது இரண்டாவது திரையின் நிழல்! கேமராவுக்குக் கேமரா இந்த எல்லை மாறும். பலவற்றில் 1/200, சிலவற்றில் 1/250, கேனான் 6டி-யில் 1/180. உன் கேமராவின் எண் என்ன என்று இப்போது கேட்டால் யோசிக்காமல் சொல்வாயா? சொல்ல முடியவில்லை என்றால் இன்றைக்கே மேனுவலைத் திற.

சரி, எல்லைக்குள்தான் வைத்திருந்தேன், அப்படியும் பட்டை வருகிறது என்கிறாயா? லைட்டை அடிக்க வைக்கும் மலிவான ட்ரிகர் தன் பங்குக்குக் கொஞ்சம் நேரத்தைத் தின்னும். 1/125-க்கு இறக்கு, பட்டை மறைந்துவிடும். இருட்டு மண்டபத்தில் ஃபிளாஷ்தான் மொத்த வெளிச்சமும் என்றால் 1/125-க்கும் 1/200-க்கும் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அசைவை உறைய வைப்பது ஃபிளாஷின் குறுகிய வீச்சு, அது ஷட்டரின் வேலையே இல்லை. இதைத் தெரியாமல் "வேகமாக வைத்தால் படம் ஷார்ப்பாக வரும்" என்று 1/250-ஐப் பிடித்துத் தொங்குகிறவர்கள் ஏராளம்.

பட்டை இல்லை, படம் முழுக்கவே இருட்டு, ஆனால் கண்ணுக்கு லைட் அடித்தது தெரிந்தது. இதுதான் ஆட்களை அழ வைக்கிற பழுது. கண்ணை நம்பாதே! ஷட்டர் திறப்பதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்னால் லைட் அடித்திருந்தாலும், சரியான நேரத்தில் அடித்திருந்தாலும், மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கேமராவுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே கேமராவையே சாட்சிக்கூண்டில் ஏற்று.

இன்று ராத்திரி கடையைச் சாத்திய பிறகு செய். கடை ஷட்டரை இறக்கி ஜன்னலை மூடிவிடு. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஸ்பீடு முதலில் 1/160, பிறகு 1/30. ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடு. 1/160-ல் இருட்டாக வந்த படம் 1/30-ல் வெளிச்சமாக வந்தால் உன் லைட் தாமதமாக அடிக்கிறது. ட்ரிகரிலோ அதன் அமைப்பிலோ கோளாறு. 1/30-லும் இருட்டுத்தான், லைட் மட்டும் அடிக்கிறது என்றால் அது முந்திக்கொள்கிறது. முந்துவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கேமரா மேல் இருக்கும் சின்ன ஃபிளாஷ் டிடிஎல்-லில் இருக்கிறது. அது வெளிச்சத்தை அளப்பதற்காக முதலில் ஒரு சின்ன வீச்சு வீசும், பிறகுதான் உண்மையான வீச்சு. உன் பெரிய லைட்டின் ஸ்லேவ் கண் அந்த முதல் வீச்சிலேயே ஏமாந்து எரிந்துவிடுகிறது. சின்ன ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்று. ரெட் ஐ குறைப்பை அணை. கோடாக்ஸ் போன்ற லைட்டுகளில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு ஸ்லேவ் நிலை இருக்கும். முதல் வீச்சைச் சட்டை செய்யாமல் இரண்டாவதற்குக் காத்திருப்பது எஸ்2.

பார்த்தாயா? ஒரே ஒரு எண்ணை மாற்றினாய். "லைட் சரியில்லை" என்ற பூதம், முந்துகிறதா பிந்துகிறதா என்ற சின்னக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. பயத்தைப் பாதியாக வெட்டுகிற வித்தை இதுதான்!

அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஹெரால்ட் எட்ஜர்டன் என்ற பேராசிரியர் இருந்தார். இன்றைய எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு வழி போட்டவர்களில் முதல் வரிசைக்காரர். ஓடும் மோட்டார்களை ஆராயப் போனவர், அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தார். 1964-ல் ஆப்பிளைத் துளைத்துப் போகும் துப்பாக்கிக் குண்டைப் படமெடுத்தார். அந்த வேகத்துக்கு எந்த ஷட்டரும் ஈடுகொடுக்காது. அவர் ஷட்டரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அறையை இருட்டாக்கினார், ஷட்டரைத் திறந்தே வைத்தார், வெடிச் சத்தத்தை மைக்கில் பிடித்து ஃபிளாஷை அடிக்க வைத்தார். ஒளியே ஷட்டர் ஆகிவிட்டது. நீயும் செய்து பார். இருட்டு அறையில் ஷட்டரை 2 நொடிக்குத் திறந்து வை, அதற்குள் லைட்டின் டெஸ்ட் பட்டனைக் கையால் அழுத்து. படம் கச்சிதமாக வரும். ட்ரிகர் செத்தே போனாலும் பாத்திரக் கடை விளம்பரத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்துவிடலாம்!

அந்த டெஸ்ட் பட்டனை அலட்சியம் செய்யாதே, பழுது பார்க்கிறவனுக்குப் பாதி பலம் அதில் இருக்கிறது. லைட்டில் உள்ள பட்டனை அழுத்தினால் எரிகிறதா? லைட் நலம். ட்ரிகரில் உள்ள பட்டனை அழுத்தினாலும் எரிகிறதா? சேனல், பேட்டரி, ரிசீவர் எல்லாம் நலம், பழுது கேமராவுக்கும் ட்ரிகருக்கும் நடுவில். ஹாட் ஷூவில் ட்ரிகர் கடைசி வரை நுழையவில்லை, அல்லது காண்டாக்டில் அழுக்கு. பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடை, உப்புத்தாள் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பேட்டரி, ஒயர், சேனல் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டுச் சரியானால், எதனால் சரியானது என்று உனக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த முகூர்த்தத்தில் மறுபடியும் அதே வியர்வை.

சில நேரம் பழுது என்று ஒன்று இருக்கவே இருக்காது. 2019-ல் வந்த கேனான் 200டி மார்க் 2, நம் ஊர்ப் பையன்கள் ஆசையாக வாங்கியது, அதன் ஹாட் ஷூவில் நடுப்புள்ளியே கிடையாது. அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பும் மலிவு ட்ரிகர் அதன் மேல் தவம் கிடந்தாலும் எரியாது, கேனானுக்கென்று செய்த ட்ரிகர்தான் வேண்டும். இது கம்பெனியின் முடிவு. உன் கைராசியைத் திட்டாதே! மிரர்லெஸ் கேமராவில் சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷை அடிக்கவே விடாது. சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால் வரும் தடை அது. 2023-ல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் மாடல் மொத்தச் சென்சாரையும் ஒரே அடியில் படித்து அந்தச் சுவரையே இடித்துவிட்டது. அதன் விலையைக் கேட்டுவிட்டு நீ மயங்க வேண்டாம். சைலன்ட் ஷட்டரை அணைத்தால் போதும்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது இருட்டு என்று தாறுமாறாக வந்தால்? மின்சாரத்தைப் பார். வோல்டேஜ் இறங்கிய மண்டபத்தில் லைட்டின் கெப்பாசிட்டர் நிரம்ப நேரம் எடுக்கும். பீப் சத்தம் வரும் முன் நீ அடுத்த படத்தை அழுத்துகிறாய். பவரைப் பாதிக்குக் குறை, ஐஎஸ்ஓ-வை ஒரு படி ஏற்று. மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபரின் ஃபிளாஷைப் பார்த்து உன் ஸ்லேவ் எரிந்து காலியாவதும் உண்டு. ஸ்லேவை அணைத்துவிட்டு ரேடியோவில் மட்டும் ஓட்டு.

கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையைச் சொல்லாத மேடைப் பேச்சாளர் கோவையில் கிடையாது. வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த வண்டியைப் பார்த்து மயங்கினார், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து வாங்கினார் என்பதோடு கைதட்டல் வந்துவிடும், பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாங்கிய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார்! பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவருக்கு எந்தக் கம்பெனியும் பயிற்சி கொடுக்கவில்லை. அந்த மண்ணிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு ட்ரிகர் எரியவில்லை என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறுகிறாய். பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டு அங்கே பழுது பார்க்கிறவர் காசு வாங்குகிறார். உனக்கு ரோஷம் வர வேண்டாமா?

ரோஷம் வரட்டும், ஸ்குரூ டிரைவர் மட்டும் வரக் கூடாது! லைட்டின் பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். உள்வேலை அதைப் படித்தவனுக்கு. அதுபோல அப்பா காலத்துப் பழைய ஃபிளாஷை ஒயர் போட்டு இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டாதே. சிலவற்றின் சின்க் முனையில் 200, 300 வோல்ட் வரை இருக்கும், அதைத் தாங்காத கேமரா உண்டு. எல்லை தெரிந்தவனின் துணிச்சல்தான் எனக்கு வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்குச் சாட்சி வேண்டுமா? திம்பம் மலைக்கு மேலே பார். 2013-ல் புலிகள் காப்பகமான காடு. மரத்தில் கட்டிய கேமரா, ஆள் இல்லாத இடத்தில் தானாகப் படமெடுக்கிறது. இந்த வித்தைக்கு இந்தியாவில் நூறாண்டு வயது. 1920-களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வடக்கே குமாவோன் காடுகளில் பாதையின் குறுக்கே கம்பி கட்டினார். புலி அதை மிதித்தால் ஷட்டரும் மக்னீசியத் தூளும் சேர்ந்து இயங்க வேண்டும். தூள் நமத்துப்போகும், வேறு மிருகம் மிதித்துவிட்டுப் போகும், ஒரு ராத்திரிக்கு ஒரு வாய்ப்பு. அவருக்குத் திரையில் உடனே பார்க்கும் வசதி இருந்ததா? தட்டைக் கழுவினால்தான் தெரியும்! 1927-ல் அவர் புத்தகம் வந்தது, புலியின் படங்களோடு. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், இரவில் நடமாடும் உயிர்களை ஃபிலிம் காலத்து ஃபிளாஷில் படமெடுத்து உலகப் புகழ் பெற்றார். சென்னையின் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவையே கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பொண்டெரோசா' என்று பெயரும் வைத்தார். உன் பையில் இருப்பது இவர்கள் யாரும் கனவிலும் பார்க்காத சாமான். அதை வைத்துக்கொண்டா கலங்குவாய்?

இன்று ராத்திரியே அந்த 1/30 சோதனையைச் செய். பிறகு 1/125, 1/160, 1/200, 1/250 என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய், பட்டை எந்த எண்ணில் தலைகாட்டுகிறது என்று பார். அதற்கு முந்தைய எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டு. பேட்டரி மாற்றிய தேதியை ட்ரிகரின் மேல் எழுது. மண்டபத்துக்குப் போனதும் பந்தியில் உட்காரும் முன் மேடையில் யாரையாவது நிறுத்தி மூன்று படம் எடுத்துப் பார். அடுத்த முறை அந்தப் பெரியவர் எட்டிப் பார்த்துக் கேட்டால், "ஸ்லேவ் முந்திக்கிச்சுங்கய்யா, அரை நிமிஷம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மாற்று.

இந்தச் செய்தி ஊரில் பரவ ஒரு முகூர்த்த மாதம் போதும். கோபியிலிருந்தோ புளியம்பட்டியிலிருந்தோ இன்னொரு ஸ்டுடியோக்காரர் எரியாத லைட்டைத் தூக்கிக்கொண்டு உன் கடைப் படியேறுவார். உட்கார வை, டீ வாங்கிக் கொடு, பழுதைக் கண்டுபிடித்துக் கையில் கொடு. கூலியைக் கேட்டு வாங்கு, வெட்கப்படாதே!