ஊக்கம் தணிந்த பின்னர்

நெடுநாள் முயன்று அடையத்தக்க குறிக்கோள் ஒன்றை வாழ்வில் ஒரு முறையேனும் மேற்கொள்ளாதவர் நம்மில் மிகச் சிலரே. ஒருவர் தம் பாட்டனார் விட்டுச் சென்ற ஏட்டுச் சுவடிகளைப் படித்தறிய விரும்புகிறார். மற்றொருவர் அலுவலகம் சென்றுகொண்டே மேற்படிப்பை முடிக்க எண்ணுகிறார். மக்களை வளர்த்து ஆளாக்கிய தாயார் ஒருவர், இளமையில் நின்றுபோன கல்வியைத் தொடர நினைக்கிறார். தொடங்கும் நாளில் எல்லாரிடத்தும் ஊக்கம் பொங்கி வழிகிறது. நல்ல நாள் பார்க்கிறோம். புதிய குறிப்பேடு வாங்குகிறோம். உற்றார் உறவினர்க்கெல்லாம் சொல்லி மகிழ்கிறோம். மூன்று திங்கள் கழிந்தபின் அக்குறிப்பேட்டின்மீது செய்தித்தாள்கள் ஏறி அமர்ந்துவிடுகின்றன. "ஏன் விட்டீர்கள்?" என்று எவரேனும் வினவினால், "முன்பிருந்த ஊக்கம் இப்போது இல்லை" என்கிறோம். கேட்டவரும் அதுவே போதிய விடை எனத் தலையசைத்து அமைகிறார்.

அது போதிய விடைதானா? இதனையே ஈண்டுச் சிந்திக்க விரும்புகிறோம். ஊக்கம் தணிந்தது என்பது, மேற்கொண்டதைக் கைவிடுவதற்கு உரிய காரணமாகுமா?

இது வெறும் திறமை பற்றிய வினா அன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும். பிறருக்கு அளித்த வாக்கை மீறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நிற்பார். தனக்குத் தானே அளித்துக்கொண்ட வாக்கை மீறினாலோ, கேட்பார் எவரும் இலர். அதனாலேயே அது எளிதில் மீறப்படுகிறது. ஒரு முறை மீறியவருக்கு மறுமுறை மீறுவது இன்னும் எளிதாகிறது. நாளடைவில் "நான் செய்வேன்" என்று தாம் சொல்வதைத் தாமே நம்பாத நிலை வந்துவிடுகிறது. கைவிட்ட பணியால் வரும் இழப்பினும் இவ்விழப்பே பெரிது. வாய்மை என்பது பிறரிடம் மட்டும் காக்க வேண்டிய ஒழுக்கம் அன்று என்பதை நாம் மறத்தலாகாது.

திருக்குறளின் அதிகார வைப்பு முறை இங்கு நினைக்கத்தக்கது. ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம். அதனைத் தொடர்ந்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. ஊக்கம் ஒன்றே போதுமெனில் அம்மூன்றுக்கும் இடமில்லை. ஊக்கம் பிறந்தபின் சோம்பல் வரும். சோம்பலை விலக்கியபின் உழைப்பு வேண்டும். உழைக்குங்கால் இடையூறு நேரும். அதற்கும் உள்ளம் உடையாதிருத்தல் வேண்டும். ஊக்கம் வாயில், வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. நாமோ வாயிலைக் கடந்தவுடனே வீடு வந்துவிட்டதென எண்ணி ஏமாறுகிறோம்.

நம் சமூகத்தார் நன்கறிந்த ஒருவரின் வாழ்க்கையை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் பட்டியலைச் சொன்னார். முதலியாரோ அவற்றில் நிறைவு கொள்ளாமல், அவற்றுக்கும் முற்பட்ட நூல்களைப் பற்றிக் கேட்டார். சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். ஐயர் அதனைக் கற்றிருக்கவில்லை. முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைத் தந்து, அதனைப் படிக்கத் தூண்டினார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழந்தமிழ் நூல்களையெல்லாம் அச்சேற்ற வேண்டும் என்ற பெருங்குறிக்கோள் அன்று அவருக்கு இல்லை. ஒரு நூல் விளங்கவில்லை. அதனை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். திருத்தக்கதேவர் இயற்றிய அந்நூல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உடையது. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சைன சமயக் கருத்துகள் வரும் இடங்கள் அவருக்குப் புலப்படவில்லை. அவருடைய ஆசிரியர் 1876-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். யாரிடம் கேட்பது?

கும்பகோணத்தில் வாழ்ந்த சைன இல்லறத்தாரை அவர் நாடினார். அவர்கள் இல்லங்களில் சிந்தாமணி சுவடிக் கட்டாகத் துயிலவில்லை. வாசித்துப் பொருள் சொல்லப்படும் நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் சமயக் கருத்துகளை அவருக்கு எடுத்துரைத்தனர். சைவ மரபில் கற்றுத் தேறிய கல்லூரி ஆசிரியர், மாணாக்கர்போல் சென்று, வணிகர் இல்லத்தில் அமர்ந்து ஐயங்களைக் கேட்டறிந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புவதில் அவர் நாணவில்லை.

பகலில் கல்லூரிப் பாடம்; எஞ்சிய பொழுதில் சுவடி. ஒரு பிரதியில் உள்ளது மற்றொன்றில் மாறுபடும். எழுத்துகளில் புள்ளி இராது. கொம்பும் காலும் மயக்கம் தரும். உரையாசிரியர் மேற்கோள் காட்டுவார். அது எந்த நூலில் உள்ளதென்று சொல்லமாட்டார். அந்நூல்களைத் தேடவேண்டும். தேடிய பின்னும் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. அச்சுச் செலவுக்குப் பொருள் இல்லை. நூலை வாங்குவதாக இசைந்தவர்களிடம் கையொப்பம் பெற்றுத் தொகை திரட்ட வேண்டியிருந்தது. இவ்வாறு ஏழாண்டுகள் சென்றன. 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி முழுநூலாக, நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

இந்த ஏழாண்டுகளிலும் முதல்நாள் ஊக்கம் குறையாமல் இருந்திருக்குமா? இருத்தல் இயலாது. எந்த மனிதர்க்கும் அது இயல்பன்று. அவ்வாறாயின் அவரை நடத்திச் சென்றது எது?

முதலாவது, அன்றன்றைக்கு உரிய ஒரு சிறு பணி. மூவாயிரம் பாடல்களை நினைத்தால் மலைப்புத் தோன்றும். ஒரு பாடலை இரு பிரதிகளில் ஒத்துப் பார்ப்பதற்கு மலைப்பு வேண்டியதில்லை. ஒரு சொல் துலங்கினால் அந்நாள் பயனுற்றது. அதில் பிறக்கும் மகிழ்ச்சியே மறுநாளைக்குக் கைப்பொருள். ஊக்கம் பிறந்தால்தான் செயல் நிகழும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். செயல் நிகழ்ந்தால் ஊக்கம் பிறக்கும் என்பதும் அதே அளவு உண்மை. முன்னதையே நம்பி வாழ்பவர் காத்திருந்து காலம் கழிப்பர். பின்னதை அறிந்தவர் சிறிதளவேனும் செய்து அதனை வரவழைப்பர்.

இரண்டாவது, துணை. கேட்பதற்கு முதலியார் இருந்தார். விளக்குவதற்குச் சைன அன்பர்கள் இருந்தனர். பிற்காலத்தில் மணிமேகலையை ஆராய்ந்தபோது, பௌத்தக் கருத்துகளை உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார். தனக்குத் தானே அளித்த வாக்கை, நம்மை மதிக்கும் மற்றொருவரும் அறிந்திருந்தால், அதற்கு ஒரு சான்று கிடைத்துவிடுகிறது. ஊர் முழுவதும் பறைசாற்றுவதால் இப்பயன் விளையாது. "எவ்வளவில் நிற்கிறது?" என்று அன்போடு கேட்கும் ஒருவரே போதும்.

மூன்றாவது, புகழைக் காட்டிலும் பொருளின்மீது வைத்த நாட்டம். சிந்தாமணியின் மேற்கோள்களைத் தேடிச் சென்றபோதே சங்க நூல்கள் அவர் கைக்கு வந்தன. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. கொங்குவேளிரின் பெருங்கதையை 1924-இல் பதிப்பித்தார். அதன் தொடக்கமும் இறுதியும் கிடைக்கவில்லை. கிடைத்ததைத் திருத்தமாகத் தந்தார். குறுந்தொகையைத் தம் உரையுடன் பதிப்பித்தது 1937-ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்தபின். ஒரு பணி மற்றொன்றுக்கு வழிகாட்டியது. முடிவை மட்டும் நோக்கியவர் முதற் பதிப்போடு ஓய்ந்திருப்பார்.

"அவர் பெரியவர், நாம் எளியவர்கள் அல்லமோ?" என்று சிலர் கூறலாம். பெரியவர் என்பது பின்னர் நாம் சூட்டிய பெயர். 1880-இல் அவர் குடும்பப் பொறுப்புடைய ஓர் ஆசிரியர். ஊதியத்தை நம்பி வாழ்ந்தவர். அன்று அவர் செய்தது, இன்று நம் இல்லத்தில் ஒருவர் செய்யக்கூடாத ஒன்றன்று.

அதற்கான பயிற்சியும் நமக்குப் புதியதன்று. கதிரவன் மறைந்தபின் உண்ணாதிருக்கும் நெறியை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துள்ளனர். அதனைக் கடைப்பிடிப்பவர் நாள்தோறும் மாலையில், "இன்று எனக்கு ஊக்கம் உள்ளதா?" என்று தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. அது என்றோ முடிவுசெய்யப்பட்டுவிட்டது. இனி அதுபற்றி விவாதம் இல்லை. விரதத்தின் வலிமை இதுவே: நாள்தோறும் மனத்தோடு வழக்காடும் துன்பத்தை அது ஒழிக்கிறது. அதற்குக் காலமும் அளவும் வரையறுக்கப்பட்டுள்ளன. இல்லறத்தார்க்கு உரியவை அணுவிரதங்கள். துறவியர்க்கு உரியவை மகாவிரதங்கள். தாங்கத்தக்க அளவறிந்து ஏற்பது குறையன்று, அதுவே நெறி. "இனி எப்போதும் படிப்பேன்" என்பது ஆசை. "கார்த்திகை முடியும்வரை நாள்தோறும் விளக்கேற்றிய பின் ஒரு பக்கம் படிப்பேன்" என்பது விரதம்.

இடையில் தவறினால் என் செய்வது? தவறுதலே முடிவென்று எண்ணுவோர் பலர். நான்கு நாள் விட்டுப்போயிற்று. இனி என்ன பயன் என்று முழுவதையும் விட்டுவிடுவர். குணஸ்தானங்கள் பதினான்கைக் கூறும் நம் ஆகமம், பதினொன்றாம் படி வரை ஏறியவரும் அங்கிருந்து வீழ்வதைக் கூறுகிறது. காரணத்தையும் கூறுகிறது: அவரிடம் கஷாயங்கள் அடங்கியிருந்தனவேயன்றி அழிந்துபோகவில்லை. ஆயினும் வீழ்ந்தவர்க்கு வழி அடைபட்டதென்று அது கூறவில்லை, மீண்டும் ஏறலாம். அத்துணை உயர்ந்த நிலையிலும் வீழ்ச்சிக்கு இடமுண்டு என்றால், நான்கு நாள் ஏடு திறவாதிருந்தவர் மனமுடைவதற்கு என்ன இருக்கிறது? காரணத்தை ஆராய்ந்து, ஐந்தாம் நாள் ஏட்டைத் திறப்பதே செய்யத்தக்கது.

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். எடுத்ததை எவ்வாற்றானும் விடாதிருத்தல்தான் அறமா? அன்று. விடாமுயற்சி வேறு, பிடிவாதம் வேறு. பிற உயிர்க்குத் துன்பம் தரும் குறிக்கோளும், குடும்பத்தாரின் உணவையும் உறக்கத்தையும் விழுங்கும் குறிக்கோளும், செருக்கை வளர்ப்பதற்கென்றே தொடரும் குறிக்கோளும் விடத்தக்கவை. விடுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: "இது தகாதது என அறிந்து விடுகிறேனா, அன்றி இது கடினம் எனக் கண்டு விடுகிறேனா?" முன்னதாயின் விடுதலே தெளிவு. பின்னதாயின், அதனை ஊக்கக் குறைவு என்று பெயரிட்டு மறைத்தல் ஆகாது.

இல்லத்தில் உள்ள பிறர்க்கும் இதில் கடமை உண்டு. ஒருவருடைய குறிக்கோள் பெரும்பாலும் மற்றவர்களின் ஒத்துழைப்பால்தான் வாழ்கிறது. ஆடவர் படிக்க அமர்ந்தால் இல்லம் அமைதி காக்கிறது. அன்னையர் படிக்க அமர்ந்தால் அடுப்பும் அழைப்பும் குறுக்கிடுகின்றன. பின்னர், "அவர்களுக்கு ஊக்கம் போதவில்லை" என்று கூறுவது நீதியாகாது. அவர்களுக்கு இல்லாமற் போனது ஊக்கம் அன்று, அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைக் காத்துக் கொடுப்பது கணவருக்கும் மக்களுக்கும் உரிய பொறுப்பாகும். அவ்வாறே, பிள்ளைகளிடம் "எத்தனை மதிப்பெண்?" என்று ஆண்டிறுதியில் கேட்பதினும், "இன்று எது புதிதாக விளங்கிற்று?" என்று நாள்தோறும் கேட்பது நலம்.

சாமிநாதையர் தம் வரலாற்றை 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார். அது நிறைவுறுமுன்பே 1942 ஏப்ரலில் மறைந்தார். எண்பத்தேழு வயதிலும் அவருக்கு முடிக்க வேண்டிய பணி ஒன்று எஞ்சியிருந்தது. அதனைத் தோல்வி என்று எவரும் கூறார். எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் செல்வது எவர்க்கும் வாய்ப்பதில்லை. எடுத்த பணிக்கு உண்மையாக இருத்தல் மட்டுமே நம் கையில் உள்ளது.

செய்தித்தாள்களுக்கு அடியில் கிடக்கும் குறிப்பேடு நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கக்கூடும். ஊக்கம் திரும்பி வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. நம் கை வரட்டும் என்றே காத்திருக்கிறது. இன்று ஒரு பக்கம் போதும். நாளை அதனை நாளை பார்ப்போம்.