தங்கை மகன் கொண்டுசேர்த்த ஏடு

ஒரு குடும்பத்தின் எழுத்துச் சான்றுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தால் நிலைக்குமா, பிறர் கையில் ஒப்படைத்தால் நிலைக்குமா என்னும் கேள்வி, மேரிலாந்தைச் சேர்ந்த கறுப்பின வானியல் அறிஞர் பெஞ்சமின் பானக்கரின் வரலாற்றைப் படிப்பவரை எளிதில் விடுவதில்லை. 1791இல் அமெரிக்கத் தலைநகருக்கென ஒதுக்கப்பட்ட, பக்கத்துக்குப் பத்து மைல் கொண்ட சதுர நிலத்தின் எல்லையை ஆண்ட்ரூ எல்லிகாட் அளக்கத் தொடங்கியபோது, விண்மீன்களை நோக்கி நேரம் குறிக்கும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் பானக்கர். 1806 அக்டோபரில் அவருடைய உடலை அடக்கம் செய்துகொண்டிருந்த வேளையிலேயே அவருடைய மரவீடு தீப்பற்றி எரிய, உள்ளே இருந்த தாள்களும், இளமையில் அவரே மரத்தில் செதுக்கிச் செய்த கடிகாரமும் சாம்பலாயின.

ஆனால் கையெழுத்து ஏடு ஒன்று மட்டும் அப்போது அந்த வீட்டில் இல்லை. பானக்கர் சொல்லிவைத்திருந்தபடி, அவர் இறந்த அன்றே தங்கை மகன் ஒருவர், அண்டையில் ஆலை நடத்திய ஜார்ஜ் எல்லிகாட் முன்னர் கொடுத்திருந்த மேசையையும் நூல்களையும் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு, அந்த ஏட்டையும் அன்பளிப்பாக ஒப்படைத்துவிட்டார். கிரகணக் கணக்குகள், கோள்கள் நாள்தோறும் வானில் நிற்கும் இடங்களைக் காட்டும் எபிமெரிஸ் என்னும் அட்டவணைகள், பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் சில்வண்டுகளைப் பற்றிய குறிப்பு, அவர் கண்ட சில கனவுகள் என எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

இரவல் பொருளோடு சேர்ந்தே ஏடும் போனது என்பதுதான் மீண்டும் மீண்டும் மனத்தை உறுத்துகிறது. திருமணமாகாத அவருக்கு உறவினர் இல்லாமல் போய்விடவில்லை. தங்கைமாரும் அவர்களுடைய மக்களும் இருந்தனர். அவர்களுக்கு மற்ற உடைமைகள் போதும் என்று கருதினாரா, கணக்கின் அருமை அறிந்தவரிடமே கணக்கு சேர வேண்டும் என்று எண்ணினாரா?

இதற்கு விடை தேடுகையில் அவருடைய சிறுவயது குறுக்கிடுகிறது. 1737இல் தந்தை ராபர்ட் ஏழாயிரம் பவுண்டு புகையிலையை விலையாகக் கொடுத்து நூறு ஏக்கர் நிலம் வாங்கியபோது, கிரயப் பத்திரத்தில் தம் பெயரோடு ஐந்து வயது மகனின் பெயரையும் எழுதச் செய்தார். அடிமை முறை நிலவிய நாட்டில், சுதந்திரக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் உரிமைக்கு அரசுப் பதிவேட்டின் ஒரு வரி எவ்வளவு பெரிய அரண் என்பதை அத்தந்தை நன்கு உணர்ந்திருக்க வேண்டும். பெயரை வீட்டுக்கு வெளியே பதித்துவைப்பதே பாதுகாப்பு என்னும் பாடத்தை மகன் அங்கேயே கற்றிருக்கக்கூடும். இது ஊகமே என்றாலும் விலக்க முடியாத ஊகம்.

வெளியாரிடம் சேர்வது குடும்பத்தின் எல்லாவற்றையும் காப்பதில்லை. ஜார்ஜ் எல்லிகாட்டின் மகள் மார்த்தா டைசன் அந்த ஏட்டையும் தம் வீட்டார் நினைவுகளையும் கொண்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 1884இல் அச்சேறியது. ஏடு இன்று பால்டிமோரில், முன்னர் மேரிலாந்து வரலாற்றுக் கழகம் எனப்பட்ட மேரிலாந்து வரலாறு, பண்பாட்டு மையத்தில் உள்ளது. ஆனால் பேரனுக்கு எழுத்தறிவித்தவர் என்று சொல்லப்படும் ஆங்கிலப் பாட்டி மாலியும், அவர் விலைக்கு வாங்கி, விடுவித்து, மணந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்கரும், பெரும்பாலும் தங்கைமாரின் வழியினர் சொல்லிவந்த கதையிலேயே வாழ்கின்றனர். ஆண்ட்ரூ எல்லிகாட் அளவைப் பயணங்களிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களோ பேணப்பட்டு, 1908இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றன. ஒரே எல்லைக்கோட்டில் உழைத்த இருவருள் ஒருவருடைய இல்லறம் எழுத்தாகவும், மற்றவருடைய முன்னோர் வாய்மொழியாகவும் எஞ்சியது பெரும் வருத்தத்துக்குரியது. இதற்குத் தீயை மட்டும் குறை சொல்லவும் இயலாது.

அந்த ஏட்டைத் தங்கை மகன் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தால், அது தங்கைமாரின் வழியில் முன்னோர் பெயர்களும் சேர்த்தெழுதப்பட்ட குடும்பச் சொத்தாக வளர்ந்திருக்குமா, அல்லது யாரும் படிக்காத பழந்தாளாகக் கைமாறித் தொலைந்திருக்குமா என்று தீர்மானிக்க வழியில்லை. பானக்கரே இவ்வளவு தூரம் எண்ணிப்பார்க்காமல், இரவல் வாங்கியதைத் திருப்பும் நேர்மையில், நன்றிக்கு அடையாளமாக ஏட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம் என்ற ஐயமும் நீங்குவதாக இல்லை.