வைரம் உடையும் இடம்

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய அறிஞர் மூத்த பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் வைரத்தைச் சோதிக்க ஒரு வழி எழுதிவைத்தார். கல்லை அடைகல்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். உண்மையான வைரமாக இருந்தால் சுத்தியலும் அடைகல்லும்தான் சிதறும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டு இரத்தம் ஒன்றுக்குத்தான் அது இளகும் என்றும் சொன்னார். இதை நம்பி அடித்துப் பார்த்தவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? கண்ணாடியும் நொறுங்கும், வைரமும் நொறுங்கும். நொறுங்கியதைப் பார்த்து ‘போலி’ என்று தூக்கி எறிந்திருப்பார். உண்மையான வைரமும் அப்படித்தான் நொறுங்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

வைரத்தைவிடக் கடினமான கனிமம் இயற்கையில் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தக் கடினம் எதை வைத்து அளக்கப்பட்டது? 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பது ஒன்றே அவருடைய அளவுகோல். அதில் டால்க் 1, வைரம் 10. மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தம் 9. ஒரு படிதான் வித்தியாசம் என்று தோன்றும். அழுத்திப் பார்க்கும் கருவிகளிலோ வைரம் குருந்தத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம் காட்டுகிறது. தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு இந்த வரிசையில் 7. முத்தும் பவளமும் அந்தப் புழுதி பட்டுப் பட்டே மங்கிப்போகும். பாட்டி காதில் காலமெல்லாம் கிடந்த வைரத்தோட்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினால், பட்டைகள் பழைய கூர்மையோடு அப்படியே இருக்கும்.

ஆக, மோஸ் கேட்டது உராய்வைப் பற்றிய கேள்வி. சுத்தியல் கேட்பது வேறு. வைரத்தின் துயரம் என்னவென்றால், முதல் கேள்விக்கு அது சொல்லும் அதே பதில்தான் இரண்டாவதில் அதைக் கவிழ்க்கிறது.

வைரத்துக்குள் ஒவ்வொரு கார்பன் அணுவும் சுற்றியுள்ள நான்கு அணுக்களை, மாற்ற முடியாத கோணத்தில் இறுகப் பற்றியிருக்கிறது. அந்தப் பிடி தளராது, நகராது. அதனால்தான் கீறல் விழுவதில்லை. இரும்பிலும் பொன்னிலும் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறக்கூடியவை. அடி விழுந்தால் அடுக்குகள் நகர்ந்து அந்த அடியின் விசையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பொன் நசுங்குகிறது, இரும்பு வளைகிறது, இரண்டும் ஒரே துண்டாக மிஞ்சுகின்றன. வைரத்துக்கு இந்த வழுக்கல் தெரியாது. விழுந்த விசை முழுவதும் ஒரு சிறு வெடிப்பின் முனையில் குவிகிறது. வெடிப்பு ஓடத் தொடங்கினால் நடுவில் தடுக்க எதுவும் இல்லை. விட்டுக்கொடுக்காததால் கீறல் விழவில்லை. விட்டுக்கொடுக்காததால்தான் உடைந்தும் போனது.

அதுவும் எப்படி வேண்டுமானாலும் உடைவதில்லை. வைரத்துக்குள் நான்கு திசைகளில் மட்டும் அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்புகள் மற்ற திசைகளைவிடக் குறைவு. வாகு பார்த்துப் போட்ட கோடாலிக்கு விறகு பிளப்பதுபோல அந்தத் தளங்களில் வைரம் வழவழப்பாகப் பிளக்கும். இந்தியச் சுரங்கங்களில் இது பழைய அறிவு. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வட்டாரத்துக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, பாறை இடுக்குகளைத் திறக்க இரும்புக் கம்பியால் ஓங்கிக் குத்தும்போதே உள்ளிருக்கும் வைரங்களில் வெடிப்பு விழுந்துவிடுவதைக் குறித்துவைத்தார். வெடிப்புள்ள கல்லை அதன் வழியே பிளப்பதில் இங்குள்ளவர்கள் ஐரோப்பியரை மிஞ்சியவர்கள் என்றும் எழுதினார்.

1905இல் தென்னாப்பிரிக்காவின் பிரிமியர் சுரங்கத்தில் கிடைத்த கல்லினன் வைரத்தின் எடை 3,106 காரட். அறுநூறு கிராமுக்கும் மேல். 1908 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அதைப் பிளக்க அமர்ந்தார். கல்லில் ஒரு சிறு பள்ளம் கீறுவதற்கே நாள்கள் பிடித்தன. பள்ளத்தில் எஃகுக் கத்தியை நிறுத்தி அடித்தார். கத்தி முறிந்தது. வேறொரு கத்தி வைத்து அடித்ததில் கல் இரண்டாகப் பிளந்தது. பிளினியின் கதையும் அதன் மறுப்பும் ஒரே மேசைமேல் நடந்தேறின.

வைரத்துக்கு எதிர்முனையில் நெப்ரைட் என்னும் பச்சைக்கல் இருக்கிறது. மோஸ் வரிசையில் அதற்கு ஆறு, ஆறரைதான். மணல்கூட அதைக் கீறும். ஆனால் அதன் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அடித்து உடைப்பது பெரும்பாடு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அதில் போருக்கான குறுந்தடிகளைச் செய்தார்கள். இரண்டில் எது உறுதியான கல் என்று கேட்டால் பதில் இல்லை. எதை எதிர்த்து என்று சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமை பெறும்.

மனிதரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாதிக் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். அன்றாட உரசல் எதுவும் பதியாத சிலர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கடனோ ஏச்சோ தூக்கமில்லாத இரவுகளோ அவர்கள்மேல் ஒரு கோடுகூடப் போடுவதில்லை. “அவருக்கென்ன, கல்லு மாதிரி” என்று எல்லாச் சுமையையும் அவர்மேல் ஏற்றுகிறோம். ஒருநாள் நெருங்கியவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லில் அவர் இரண்டாகப் பிளந்து நிற்கிறார். “இவ்வளவுதானா இவர்!” என்கிறது ஊர். இத்தனை காலம் காட்டிய உறுதி வெறும் பாவனை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது. அந்த உறுதி பொய்யில்லை. இடம் கொடுக்கத் தெரியாத ஒரே இயல்புதான் அவரை அத்தனை நாள் காத்தது, அன்று உடைத்தது. நூறு அயலார் அடித்தும் கத்திதான் முறிந்திருக்கும். கூட இருந்தவருக்கு வாகு தெரியும்.

கல் பதிப்பவருக்கும் அந்த வாகு தெரியும். வைரத்தின் கூர்முனையும் மெல்லிய விளிம்பும் சில்லுப் பெயரும் இடங்கள் என்று அறிந்து, அங்கே பொன்னை மடித்து அணைத்துக் கட்டுகிறார். மென்மையான உலோகங்களில் ஒன்று பொன். இடிபடும்போது தான் நசுங்கிக் கல்லைக் காப்பாற்றுவது அதுதான். ஆஷரிடம் இருந்ததும் இவரிடம் இருப்பதும் ஒரே அறிவு: இது எங்கே உடையும் என்பது. பிளப்பதற்கும் அது வேண்டும், காப்பதற்கும் அது வேண்டும். நெருக்கம் என்று நாம் சொல்வதெல்லாம் இன்னொருவரைப் பற்றிய அந்த அறிவு நம் கைக்கு வந்து சேர்வதுதான். ஒருவர் எதையெல்லாம் தாங்குவார் என்று மட்டும் தெரிந்தவர்கள் அவரிடம் வேலை வாங்கிக்கொள்வார்கள். எதைத் தாங்கமாட்டார் என்றும் தெரிந்தவர்களால்தான் அவரைக் காப்பாற்ற முடியும்.