பந்தியும் பாடமும்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் பட்டுக் கடைகளையும் பெரிய கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. அங்கே சாலைக் கிணறு என்று ஒரு கிணறு உண்டு. இராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் மாணவராக இருந்தபோது, காசி யாத்திரை என்று அழைத்துப் போய் அவரைத் தீர்த்துவிட ஏற்பாடு நடந்ததாம். கூடப் படித்த கோவிந்தர் எச்சரித்ததனால் விந்தியக் காட்டில் தப்பினார். ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். அவர்கள் தாகத்துக்கு அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தது இந்தக் கிணற்றிலிருந்துதான் என்பது ஐதிகம். பிறகு வரதராஜப் பெருமாளுக்குத் தினந்தோறும் இங்கிருந்தே தீர்த்தம் சுமந்தார் என்கிறார்கள்.

அந்த மகானின் வாழ்க்கையில் இன்னொரு சம்பவத்தையும் குருபரம்பரை நூல்கள் சொல்லுகின்றன. பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த திருக்கச்சி நம்பி வைசிய குலத்தவர். அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து அமுது செய்வித்து, அவர் உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ண வேண்டுமென்று இராமானுஜர் ஆசைப்பட்டார். நம்பியை அழைத்துவர அவர் ஒரு தெரு வழியாகப் போக, நம்பி வேறு தெரு வழியாக வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இராமானுஜர் திரும்பி வந்தபோது இலை எறியப்பட்டிருந்தது, இடம் மெழுகப்பட்டிருந்தது, அம்மையார் மறுபடியும் ஸ்நானம் செய்திருந்தார்.

வீட்டுக்காரருடைய மனத்தில் பேதம் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டின் தர்மம் இன்னதென்று தீர்மானித்தது அவருடைய மனமல்ல, அடுக்களை. விடுதிப் பள்ளிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

விடுதியில் தங்கிப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அல்ஜீப்ரா மறந்திருக்கும், மன்னர்களின் வரிசை மறந்திருக்கும். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஊரிலிருந்து வந்த முறுக்கை யார் பங்கு போட்டார்கள், யார் நம்மோடு உட்கார மறுத்தார்கள் என்பது மட்டும் மறந்திருக்காது. வகுப்பில் ஐந்து மணி நேரம்தான் பாடம். மற்ற நேரமெல்லாம் விடுதியே பாடம் நடத்துகிறது.

தமிழ்நாட்டில் இந்த உண்மை ஒரு பெரிய சோதனைக்கு உள்ளானது சேரன்மாதேவியில். 1922இல் அங்கே குருகுலம் அமைத்த வ.வே.சு. ஐயர் சாமான்ய மனிதரல்லர். பாரிஸ்டராக வேண்டி லண்டன் போய்ப் புரட்சிக்காரராக மாறியவர். புதுச்சேரியில் வருஷக்கணக்காக வாசம் செய்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கெல்லாம் முன்னோடி. தேசிய உணர்ச்சியுள்ள பிள்ளைகளைத் தமிழிலேயே கற்பித்து உருவாக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. தனியே உணவளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் அவர்களைப் பெற்றோர் சேர்த்திருந்தார்கள். ஐயருக்குச் சமபந்தியில் ஆட்சேபம் கிடையாது. கொடுத்த வாக்குத்தான் குறுக்கே நின்றது. பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தவர்; அவர் வாயிலாகவும் செய்தி வெளியே வந்தது என்பார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கண்டனம் எழுப்பினார்கள். 1925இல் காந்தியடிகளிடம் விஷயம் போயிற்று. அந்த இரு பிள்ளைகள் விஷயத்தில் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் அப்படிப்பட்ட நிபந்தனையோடு எவரையும் சேர்க்க வேண்டாம் என்று அவர் சமாதானம் சொன்னார். எதிர்த்தவர்கள் ஏற்கவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதத்திலேயே பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய், உயிரையும் இழந்தார். நவம்பரில் காஞ்சிபுரத்தில், திரு.வி.க. தலைமையில் நடந்த மாகாண மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானங்கள் அனுமதிக்கப்படாததால் ஈ.வெ.ரா. வெளியேறினார். இரண்டு இலைகளைப் பற்றிய மனஸ்தாபம் அந்தப் பிரிவுக்கு முன்பே வழி வெட்டியிருந்தது.

இரண்டே பிள்ளைகள்தானே, இதற்கா இவ்வளவு ரகளை என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். வாக்குத் தவறாமை நல்ல குணம். பிறருடைய ஆசாரத்தை மதிப்பதும் நல்ல குணம். இரண்டு நல்ல குணங்கள் சேர்ந்து எப்படி ஓர் அநியாயத்தை உண்டாக்க முடியும்?

உண்டாக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். என் வீட்டில் நான் யாரோடு உண்பது என்பது என் சொந்த விஷயமென்று வைத்துக்கொண்டாலும், விடுதி எவருடைய வீடும் அல்ல. அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு தனியாகக் கஞ்சி ஊற்றினால் யாருக்கும் மனம் நோகாது. காய்ச்சல் நாளைக்கு இறங்கிவிடும். பிறப்பு இறங்காது. தனி இலைக்குக் காரணம் பிறப்பு என்றால், பந்தியில் மிச்சமிருக்கும் அத்தனை பிள்ளைகளையும் அந்த இலை தொடக்கூடாதவர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பத்து வயதுப் பையனுக்கு வாக்கு, நிபந்தனை, சமரசம் எதுவும் தெரியாது. 'நான் மட்டம்' என்பது ஒன்றுதான் அவனுக்குப் புரியும். ஐயர் வாக்குக் கொடுத்தது இரு பெற்றோருக்கு. அதற்கு விலை கொடுத்தவர்கள் மற்றப் பிள்ளைகள். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிறர் பையிலிருந்து எடுத்துச் செய்கிற தர்மம் எப்படித் தர்மமாகும்?

தனியே உட்கார்ந்த அந்த இரண்டு பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். அத்தனை சிரிப்பும் கும்மாளமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இரண்டே இலைகள். உயர்வு என்று பெரியவர்கள் கொடுத்தது அவர்களுக்கும் ஒருவிதச் சிறைதான்.

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2022இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைக்கிறவரின் ஜாதியைக் காரணம் காட்டிச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. மாவட்ட ஆட்சியரே போய் அந்தச் சோற்றை உண்டு காட்ட வேண்டியிருந்தது. பசியோடு இருந்த குழந்தைக்கு ஜாதி தெரிந்திருக்காது. வீட்டில் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். தேர்வு முடிவுகளை விசாரிக்கிறார்கள். ஒரு வேளை, சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் போய் நின்று பார்க்கட்டும். தனியாக ஓர் இலை கண்டால் காரணம் கேட்கட்டும். நல்ல காரணமாகவே சொல்லுவார்கள். அதற்கு எந்தப் பிள்ளை விலை கொடுக்கிறான் என்பதையும் கேட்டுவிட்டு, பிறகு பணத்தைக் கட்டட்டும்.