தாழம்பூவின் சாட்சி

2006-ல் மர்பி டவுனில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அந்த வருடம்தான் இதே பெங்களூரில் 'குருஜி டாட் காம்' என்ற தேடுபொறி பிறந்தது. "குருவே வந்துட்டார், இனி கூகுள் கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்று பையன்களிடம் பந்தயம் கட்டினேன். பழைய தேடுபொறியான அல்டாவிஸ்டாவே 2003-ல் யாகூ கைக்குப் போயிருந்தது. பெரிய கைகளும் விழும் என்ற தைரியம். சில வருடங்களில் குருஜி காணாமல் போனது. எனக்குச் செலவு ஐந்து பிரியாணிப் பொட்டலம்.

பந்தயத்தைவிட வேறொன்று உறுத்தியது. வழி காட்டிய குரு தட்சிணை வாங்கலாம். வழியிலுள்ள கடைக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு வழி காட்டினால்? அல்சூர் சோமேஸ்வரர் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் சிவனின் அடிமுடி தேடிய கதைதான் நினைவுக்கு வரும். முடியைக் காணாத பிரம்மா தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். காணாதது குற்றமில்லை, சாட்சியை வளைத்ததுதான் குற்றம்.

விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998-ல் ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர்கள் வேறு யாருமில்லை, கூகுளின் பேஜும் பிரினும்தான். 2000-ல் அவர்களே ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கினார்கள். தெரிந்தே! 2021-ல் மட்டும், போன்களிலும் பிரவுசர்களிலும் முதலில் நிற்பதற்காக கூகுள் கொடுத்தது 2,600 கோடி டாலருக்கு மேல். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் அதைச் சட்டவிரோத ஏகபோகம் என்றது.

போட்டி வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பிழைப்பு விளம்பரம் என்றால் பத்து வந்தாலும் பத்தும் தாழம்பூதான். சிவபூஜையில் அதற்கு இடமில்லை.