குழந்தையின் கண்ணும் ஆசிரியரின் விடையும்

சிறுவர்க்கு விஞ்ஞானத்தைச் செய்கை மூலம் கற்பித்தல் நன்று என்பதை இன்று மறுப்பார் இலர். நம் நாட்டின் ஆரம்ப வகுப்புகளிற் பயிலப்படும் பாடத்துக்கே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றுதான் பெயர். ஆயின், செயலைச் செய்துமுடித்த குழந்தை தான் கண்டதைக் கண்டபடி சொல்லும்போது அதைக் கேட்பதற்கு நாம் ஆயத்தமாக இருக்கின்றோமா? இது கற்பித்தல் முறை பற்றிய கேள்வி மாத்திரமன்று. ஓர் அறவியற் கேள்வியுமாகும்.

மிக எளிய செய்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிரட்டைகளில் ஈரமண் இட்டுப் பயறு விதைக்கின்றோம். ஒன்றை யன்னலோரத்தில் வைக்கின்றோம். மற்றையதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகின்றோம். ‘தாவரம் வளர்வதற்குச் சூரிய ஒளி தேவை’ என்பதே குழந்தை எழுதவேண்டிய முடிவு. ஒரு வாரம் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருட்டில் இருந்த பயறே உயர்ந்து நிற்கும்! எட்டு வயதுப் பிள்ளை அடிமட்டத்தால் அளந்துவிட்டு, “இருட்டுக்குள்ளை வைச்சதுதான் கூட வளர்ந்திருக்கு, சேர்” என்கின்றது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அடிமட்டமும் பொய் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர் முன் இரண்டு வழிகள் உள. “புத்தகத்தில் இருப்பதை எழுது” என்று சொல்லிவிடலாம். பாடம் நேரத்துக்கு முடியும்; பரீட்சையிற் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அக்கணத்திற் பிள்ளை கற்றுக்கொள்வது தாவரவியல் அன்று. தன் கண் கண்டதைவிட மேலிருப்பவர் சொல்வதே உண்மை என்பதைத்தான். இப்பாடத்தைப் பத்து வயதுக்குள் நன்கு மனனம் செய்த ஒருவன், பின்னாளில் முதலாளியின் கணக்கையும் தலைவரின் வாக்குறுதியையும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டால் அவனை நாம் எவ்வாறு நோவது?

மற்றைய வழி சற்று நீண்டது. “உயரத்தை அளந்தாய், நிறத்தைப் பார்த்தாயா? தண்டைத் தொட்டுப் பார்த்தாயா? இன்னும் இரண்டு வாரம் வைத்திருப்போமா?” என்று கேட்பது அவ்வழி. இருட்டுப் பயற்றின் இலை மஞ்சளித்திருக்கும், தண்டு மெலிந்திருக்கும். விதையிற் சேமித்திருந்த உணவைச் செலவழித்து, ஒளியைத் தேடி அது நீண்டிருக்கின்றது. அவ்வுணவு தீர்ந்ததும் சாய்ந்து மடியும். நெடிதாவது வேறு, வளர்ந்து வாழ்வது வேறு என்பதைப் பிள்ளை தானே காணும். முதலிற் சொன்ன விடையைத் திருத்திக்கொள்ளும்; ஆனால் அச்சத்தினால் அன்று, சான்றினால்.

புத்தகத்தின் விளக்கமே பிழைபடும் இடங்களும் உண்டு. நீருள்ள தட்டில் எரியும் மெழுகுதிரியை நிறுத்திக் கண்ணாடிக் குவளையாற் கவிழ்த்து மூடினால், சுடர் அணையும். நீர் உள்ளே ஏறும். காற்றில் ஐந்திலொரு பங்கான ஒட்சிசன் எரிந்து தீர, அவ்விடத்தை நீர் நிரப்பிற்று என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பித்து வந்துள்ளோம். கூர்ந்து நோக்கும் பிள்ளையோ, சுடர் அணைந்த பின்னரே நீர் விரைந்து ஏறுவதைக் கண்டுவிடும். மூன்று திரிகளை வைத்தால் நீர் இன்னும் உயரே ஏறும். ஒட்சிசன் மாத்திரமே காரணமாயின் திரிகளின் தொகை இவ்வேறுபாட்டை உண்டாக்காது. சூடேறி விரிந்த காற்றிற் சிறிது வெளியேற, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதே முதன்மைக் காரணம். சுடர் அணையும்போது ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்துவிடுவதுமில்லை.

1860ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டனில், ஒரு மெழுகுதிரியையே பொருளாகக் கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார் மைக்கேல் பரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டுந் தொழில் பயின்றவர். கையுழைப்பிலிருந்து வந்த அறிவு அவருடையது. நமது சமுதாயமோ கையால் உழைப்பவனைத் தாழ்த்தி, ஏட்டைப் பிடித்தவனை உயர்த்திப் பழகிவிட்டது. சோளகமும் வாடையும் எப்போது திரும்பும் என்பதை அறிந்த கடற்றொழிலாளியின் பிள்ளை வகுப்பறையில் ‘ஒன்றும் அறியாதவன்’ ஆகின்றான். செய்கைவழிக் கல்வி உண்மையானதாயின், அவன் கொண்டுவரும் அறிவுக்கும் அங்கு இடமிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பிள்ளையே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்பர். முடியாது. பூமி சூரியனைச் சுற்றுவதை நாம் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். ஆனால் மனிதர் அதை எவ்வாறு அறிந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆய்வுகூடம் இல்லையே என்பர். 1956இல் யுனெஸ்கோ வெளியிட்ட விஞ்ஞானம் கற்பித்தலுக்கான மூலநூல், எளிய பொருள்களைக்கொண்டே செய்யத்தக்க சோதனைகளைத் தொகுத்தளித்தது. ஆயினும் சிரட்டை போதும் என்பதைச் சாட்டாக்கி, நகரத்துக்கு ஆய்வுகூடமும் தோட்டத்துக்குச் சிரட்டையும் என்று பங்கிட்டால், 1945இல் இந்நாடு ஏற்றுக்கொண்ட இலவசக் கல்வியின் பொருள் யாது?

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நெருக்குதலை நான் மறக்கவில்லை. ஆசிரியரை மட்டும் குற்றஞ்சாட்டுவது அநீதி. எனினும் பரீட்சை மாற்றவொண்ணாத இயற்கை விதியன்று. இந்தியாவின் ஹோசங்காபாத்தில் 1972இல் 16 பாடசாலைகளின் இடைநிலை வகுப்புகளில் தொடங்கிய விஞ்ஞானத் திட்டத்தில், மாணவர் புத்தகத்துடனேயே பரீட்சை மண்டபத்துக்குச் சென்றனர், செய்முறையும் சோதிக்கப்பட்டது. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. ஆயினும் முப்பது ஆண்டுகள் அது நடந்தேறியது என்பது உண்மை.

பரீட்சை மாறும்வரை காத்திராமல் நாளைக்கே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளையின் கொப்பியில் நடுவே ஒரு கோடு கீறச் சொல்வோம். ஒருபுறம் ‘நான் கண்டது’; மறுபுறம் ‘புத்தகம் சொல்வது’. இரண்டும் வேறுபடும் நாளில், பிள்ளை எழுதியதை அழிக்கச் சொல்லாமல், அலுமாரியைத் திறந்து பயற்றை மீண்டும் ஒருமுறை பிள்ளையோடு சேர்ந்து பார்ப்போம்.