முந்தியவருக்கே இடமா?

விடுமுறை வந்தால் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லப் பங்கு வாலிபர் சங்கங்களும் பாடசாலைக் கழகங்களும் ஆசைப்படுகின்றன. ஆனால் படகில் இடம் அளவானது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட அத்தீவின் பவளப்பாறைகளும் அளவுக்கு மிஞ்சிய கால்களைத் தாங்கமாட்டா. ஆகவே ஆட்தொகைக்கு வரம்பு வைப்பது அநீதியன்று. அந்த வரம்புக்குள் யார் பெயரை முதலில் எழுதுவது என்பதிலேதான் நீதியின் கேள்வி பிறக்கிறது.

முந்தி வந்தவரை முந்தி எழுதுவதே வழக்கம். பக்கச்சார்பற்ற விதிபோலவே அது தோன்றும். ஆனால் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லையே! செயலாளரின் அயல்வீட்டுப் பிள்ளை அன்று மாலையே செய்தி அறிகிறான். தகப்பனோடு இரவில் கடலுக்குப் போகிறவன் ஞாயிறு பூசைக்கு வரும்போது பட்டியல் நிரம்பிவிடுகிறது. அவனை யாரும் தள்ளவில்லை; ஆயினும் அவன் வெளியே நிற்கிறான்.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த மனிதனின் முறைப்பாடும் இதுவே (யோவான் 5). தண்ணீர் கலங்கும்போது அவனை இறக்கிவிட ஆளில்லை. அவன் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுவார். ஆண்டவர் அவனை விரைந்து ஓடச் சொல்லவில்லை. அவன் கிடந்த இடத்துக்கே போனார்.

அப்படியானால், ஆண்டு முழுவதும் மண்டபம் கூட்டி, கதிரை சுமந்த அங்கத்தவருக்கு முன்னுரிமை இல்லையா? உண்டு. திராட்சைத் தோட்ட உவமையில், கடைசியில் வந்தவருக்கு இரங்கிய உரிமையாளர், முதலில் வந்தவருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காக்கவேண்டும். ஆனால் எல்லா இடங்களையும் அங்கத்தவருக்கே வாக்களிக்கும்படி யார் சொன்னார்கள்?

ஆதித் திருச்சபையிலும் பங்கீட்டில் மனத்தாங்கல் எழுந்தது. கிரேக்க மொழி பேசியோரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளாமல், சபையைக் கூட்டி எழுவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள் (திருத்தூதர் பணிகள் 6). அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டவர் பக்கத்தாரிடமே பங்கிடும் பொறுப்பு வந்தது போலும்!

நம் சங்கங்களும் இதைப் பின்பற்றலாம். பதிவு தொடங்குமுன் ஒரு ஞாயிறு எல்லாப் பூசைகளிலும் அறிவிக்கட்டும். உழைத்த அங்கத்தவருக்கு இத்தனை, இதுவரை போகாதவருக்கு இத்தனை என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லட்டும். உரிமை சமமானால் மத்தியாசைத் தெரிந்த முறைப்படி சீட்டுப் போடட்டும். காத்திருப்போர் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். வரமுடியாதவர் உரிய நேரத்தில் சொல்லி மற்றவருக்கு வழிவிடட்டும். பட்டியல் எழுதுகிறவரின் உறவினர் தம் முறைக்குக் காத்திருக்கட்டும்.

ஒருநாள் உல்லாசப் பயணத்துக்கு இவ்வளவு விசாரமா என்று சிலர் சிரிக்கலாம். போரிலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளிலும் வீடிழந்து நின்ற நம் கரையோர மக்கள் சிரிக்கமாட்டார்கள். நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று படகுக்குப் பெயர் எழுதும் இளைஞனே நாளை அரிசிக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் பெயர் எழுதப்போகிறான். ஆளில்லாதவனைத் தேடிப்போய் எழுதும் பழக்கம் அவன் கைக்கு இப்போதே வரட்டும்.